4.7 சென்டிமீட்டர்: ஆபரேஷனைத் தள்ளிப்போடலாமா?

கேள்வி: என் மகனுக்கு 23 வயது, ஆறடிக்கு மேல் உயரம். மார்ஃபான் நோய் என்கிறார்கள். இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய் 4.7 செ.மீ. வீங்கியிருப்பதாக எக்கோவில் வந்திருக்கிறது. அவனுக்கு ஒரு வலியும் இல்லை. ஆனால் ஆபரேஷன் வேண்டுமாம். அவனைப் போலவே உயரமான என் கணவர், 39 வயதில் நெஞ்சுவலி வந்து ஒரே இரவில் போய்விட்டார். தொடை வழியாக ஸ்டென்ட் வைக்க முடியாதா? கொஞ்ச நாள் தள்ளிப்போடலாமா?
- ஒரு தாய், திருநெல்வேலி

பதில்: தள்ளிப்போட வேண்டாம் அம்மா. உங்கள் கணவரைப் பற்றி எழுதியிருப்பதால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன். மற்றவர்களுக்கு இந்தக் குழாய் 5.5 செ.மீ. ஆகும்வரை பொதுவாகப் பொறுப்போம். மார்ஃபான், அதாவது உடலின் இணைப்புத் திசுக்கள் பிறவியிலேயே பலவீனமாக இருக்கும் நோய் என்றால் 5. குடும்பத்தில் யாருக்காவது குழாய் கிழிந்திருந்தால் 4.5-லேயே செய்துவிடுவது நல்லது. உங்கள் கணவருக்கு நடந்தது அதுவாகவே இருக்கலாம். குழாய் விரியும்போது வலிக்காது. கிழிந்த பிறகு அவசரமாகச் செய்யும் ஆபரேஷனில் உயிராபத்து பல மடங்கு அதிகம்.

ஸ்டென்ட் இவனுக்குச் சரிவராது. அது பிடித்து நிற்க உறுதியான சுவர் வேண்டும். இவனுக்குச் சுவரே பிறவியிலிருந்து பலவீனம். அதோடு, இதயத்துக்கு ரத்தம் தரும் இரண்டு குழாய்களும் வழக்கமாக இந்த வீக்கம் வரும் இடத்திலிருந்துதான் பிரிகின்றன.

நெஞ்சைத் திறந்து செய்வதில் இரண்டு முறைகள் உண்டு. 1968-இல் வந்த பென்டால் முறையில் குழாயோடு வால்வையும் மாற்றுவார்கள். உலோக வால்வு என்றால் ஆயுள் முழுக்க ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை, அடிக்கடி ஐ.என்.ஆர். எனும், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் பரிசோதனை. கனடாவின் டொரோண்டோ நகர அறுவை மருத்துவர் டைரோன் டேவிட் கொண்டுவந்த முறையில் சொந்த வால்வு அப்படியே இருக்கும், குழாய் மட்டும் டேக்ரான் என்ற செயற்கை இழைக் குழாயாக மாறும். வால்வு நன்றாக இருந்தால் 23 வயதுப் பையனுக்கு நான் இதைத்தான் விரும்புவேன். “வால்வைக் காப்பாற்ற முடியுமா, இதை நீங்கள் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்?” என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

அதுவரை டாக்டர் கொடுத்த மாத்திரையை விடக்கூடாது, கனமான எதையும் தூக்கக்கூடாது. காய்ச்சலுக்குப் போனாலும் நோயைச் சொல்லுங்கள். சிப்ரோஃப்ளாக்ஸாசின் வகை ஆன்டிபயாடிக் மருந்துகள் இவனுக்கு ஆகாது. நெஞ்சிலோ முதுகிலோ கிழிப்பதுபோல் வலித்தால், வாயு என்று உட்கார்ந்திருக்காமல் உடனே சி.டி. ஸ்கேன் உள்ள பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். மாரடைப்பு என்று நினைத்து ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டுவிட்டால் ஆபத்து.

அப்புறம், அவனுக்குத் தம்பி தங்கை உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. இந்நோய் தகப்பனிடமிருந்து வந்திருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. தம்பி தங்கை இருந்தால் அவர்களுக்கும் இந்த மாதமே ஒரு எக்கோ எடுத்துவிடுங்கள்.