காது மிஷினை அணைத்துவிட்டால் போதுமா?

கேள்வி: வட கரோலினாவில் கேரி நகரில் இருக்கிறோம். மார்ட்டின்ஸ்வில் ஸ்பீட்வேயில் நடக்கும் நாஸ்கார் கார் பந்தயத்துக்கு அலுவலக நண்பர் நான்கு டிக்கெட் கொடுத்திருக்கிறார். திருநெல்வேலியிலிருந்து வந்திருக்கும் அப்பாவுக்கு 71 வயது, இரண்டு காதிலும் மிஷின். மகளுக்கு ஐந்து வயது. சத்தத்துக்காக '34 டெசிபல்' என்று போட்ட காது மூடிகளை ஆன்லைனில் வாங்கினேன். அப்பாவோ, "மிஷினை ஆஃப் பண்ணிட்டா எனக்கு ஒண்ணும் கேக்காது, எதுக்கு வீண் செலவு" என்கிறார். அவர் சொல்வது சரியா?

பதில்: சரியில்லை. உங்கள் வீட்டில் அதிகக் கவனம் வேண்டியது அவருடைய காதுக்குத்தான். நூறு ரூபாய் வைத்திருப்பவன் பத்து ரூபாயைத் தொலைப்பதும் இருபது ரூபாய் வைத்திருப்பவன் பத்தைத் தொலைப்பதும் ஒன்றா? அவரிடம் மிச்சம் இருக்கும் கேட்கும் திறனை வைத்துத்தான் மிஷினே வேலை செய்கிறது. அது குறைந்தால் எவ்வளவு விலையுள்ள மிஷினும் பேச்சைத் தெளிவாகக் கொடுக்காது.

மிஷினை அணைத்தால் அது ஒலியைப் பெருக்குவதை நிறுத்தும், அவ்வளவுதான். இப்போது பலரும் போடும் மிஷின்களில் காதுக்குள் போகும் ரப்பர் முனையில் ஓட்டைகள் இருக்கும். வெளிச்சத்தம் அதன் வழியே தாராளமாக உள்ளே போகும். அணைக்காமல் மேலே காது மூடியைப் போட்டால் விசில் அடிக்கும். அவர் எரிச்சலில் மூடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்வார். எத்தனையோ பெரியவர்களிடம் இதைப் பார்த்துவிட்டேன். அதனால் காரை விட்டு இறங்கும் முன்பே இரண்டு மிஷினையும் கழற்றி டப்பாவில் போட்டு உங்கள் பையில் வையுங்கள். அவர் பையில் வேண்டாம், இடையில் எடுத்து மாட்டிக்கொள்வார். காதில் ஃபோம் இயர்பிளக், அதற்கு மேல் காது மூடி, இரண்டும் வேண்டும். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் போனில் பெரிய எழுத்தில் தட்டிக் காட்டுங்கள். இவ்வளவுக்கும் ஒரு விதிவிலக்கு உண்டு. அவர் மிஷினுக்குக் காதின் அளவெடுத்துச் செய்த, ஓட்டையே இல்லாத கெட்டி அச்சு இருந்தால், அணைத்துவிட்டு அதையே உள்ளே விட்டு, மேலே மூடி போடலாம். ஓட்டை இல்லை என்பதை அச்சு செய்து கொடுத்தவரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பார்த்தால் கெட்டியாகத்தான் தெரியும், ஆனால் நடுவில் மெல்லிய துளை ஓடும். காது அழுக்கு அடைத்திருந்தால் கண்ணுக்கே படாது. சந்தேகம் என்றால் கழற்றிவிடுங்கள்.

சத்தம் அப்படி என்ன? மார்ட்டின்ஸ்வில் 1947இல் திறந்த பழைய மைதானம். பேப்பர் கிளிப் வடிவம், ஒரு சுற்று அரை மைலுக்குச் சற்றே அதிகம். முப்பத்தைந்துக்கும் மேற்பட்ட கார்கள், ஒரு சுற்றுக்கு இருபது விநாடி. பெரிய தடங்களில் கார்க்கூட்டம் கடந்து போன பிறகு கொஞ்சம் மூச்சு விடலாம். இங்கே எப்போதும் ஏதாவது ஒரு கார் உங்கள் முன்னால் இருக்கும். தொழிலாளர் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்க அரசு நிறுவனமான நியோஷ், மூன்று பந்தயத் தடங்களில் அளந்தபோது பார்வையாளர் வரிசையிலேயே சுமார் 96 டெசிபல் வந்தது. அதே நிறுவனத்தின் கணக்குப்படி 85 டெசிபலை எட்டு மணி நேரம் தாங்கலாம், 97 என்றால் அரை மணிதான். பந்தயமோ மூன்று மணி நேரத்துக்கு மேல்.

இனி உங்கள் '34'. இங்கேதான் ஆன்லைன் வியாபாரிகள் விளையாடுகிறார்கள். பெட்டியில் என்.ஆர்.ஆர். என்ற எழுத்து இருக்கிறதா பாருங்கள். மூடி எவ்வளவு சத்தத்தைக் குறைக்கும் என்று காட்டும் அமெரிக்க எண் அது. எஸ்.என்.ஆர். என்றிருந்தால் அது ஐரோப்பிய எண், அதே பொருளுக்குச் சில டெசிபல் கூடுதலாகக் காட்டும். எதுவுமே இல்லாமல் வெறும் எண் மட்டும் என்றால் திருப்பி அனுப்பிவிடுங்கள். என்.ஆர்.ஆர். எண்ணையும் அப்படியே நம்ப முடியாது. ஆய்வகத்தில் நிபுணர் மாட்டிவிட்டு எடுத்த அளவு அது. 24 என்று போட்ட மூடி நிஜத்தில் பத்து, பன்னிரண்டு குறைத்தாலே பெரிது. 1979இல் வந்த லேபிள் விதி இது. திருத்துவதாக 2009இல் ஒரு வரைவு போட்டார்கள், அப்படியே கிடக்கிறது. பந்தயம் நடத்துகிறவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. 2023இல் சிகாகோ நகரத் தெருக்களில் பந்தயம் விட்டபோது நாஸ்காருக்குக் கார்களில் சைலன்சர் மாட்டத் தெரிந்தது. டிக்கெட் வாங்கி உட்காருபவன் காது என்றால் இளக்காரம்.

விமானத்தில் போடும் நாய்ஸ் கேன்சலிங் ஹெட்போனும் இதற்கு ஆகாது. அது பாட்டுக் கேட்பதற்கான பொருள். பஞ்சு வைப்பதும் பேருக்குத்தான். ஓட்டுநர்கள் பேசுவதைக் கேட்க ஸ்கேனர் வாடகைக்கு எடுத்தால், முழுக்காதையும் மூடும் கனமான ஹெட்செட்டாகக் கேளுங்கள்.

ஃபோம் இயர்பிளக்கைச் செருகவும் ஒரு முறை உண்டு. சுத்தமான விரலால் மெல்லிய குச்சி போல உருட்டி, மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காதை மேலும் பின்னுமாக இழுத்து உள்ளே விட்டு, அரை நிமிடம் பிடித்திருங்கள். உங்கள் குரலே குடத்துக்குள் பேசுவது போல் கேட்டால் சரியாக உட்கார்ந்துவிட்டது.

மகளுக்கு இயர்பிளக் வேண்டாம், காதுத் துவாரம் சிறியது. குழந்தைகளுக்கான மூடி போதும். தோடு, ஜிமிக்கியைக் கழற்றிவிடுங்கள், மூடி காதோடு படியாது. உங்கள் மனைவிக்கும் இதுதான். வேலிக்குப் பக்கத்தில் உட்காராமல் மேல் வரிசைக்குப் போங்கள். நடுவில் ஹாட் டாக் வாங்கும் சாக்கில் குழந்தையைக் கால் மணி நேரம் அரங்குக்கு வெளியே கூட்டிப்போய் வாருங்கள். அந்த மைதானத்து ஹாட் டாக் பந்தயத்தைவிடப் பிரபலம் என்பார்கள், அது வேறு விஷயம்.

மறுநாள் காலையிலும் யாருக்காவது காது அடைத்த மாதிரி இருந்தால், இரைச்சல் நிற்காவிட்டால், அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். 'இலவசப் பரிசோதனை' என்று போர்டு வைத்த மிஷின் கடைக்குப் போகாதீர்கள். அங்கே எந்தக் காதைக் காட்டினாலும் மிஷின்தான் மருந்து.