கனடா குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது அடையாளத்தை எப்படி நிரூபிப்பது? பி.ஆர். கார்டு (நிரந்தர வதிவிட அட்டை) மட்டும் போதுமா?

போதாது. இரண்டு அடையாள ஆவணங்களின் நகல் கேட்கிறார்கள். ஒன்றிலாவது படம் இருக்க வேண்டும். ஓட்டுநர் உரிமமும் மாகாண மருத்துவ அட்டையும்தான் பலரும் வைப்பவை. வங்கி அட்டை, கிரெடிட் கார்டு செல்லாது.

இவற்றோடு கடந்த ஐந்து ஆண்டுகளில் கையில் இருந்த எல்லா பாஸ்போர்ட்டுகளின் விவரப் பக்கங்களும் வேண்டும், காலாவதியானவை உட்பட. அந்த ஐந்து ஆண்டுகளில் 1,095 நாள் கனடாவில் இருந்தீர்களா என்று பார்க்க இவை உதவும். அதனால் பழைய பாஸ்போர்ட்டைத் தயவுசெய்து தூக்கி எறியாதீர்கள். தொலைந்திருந்தாலோ, நடுவில் பாஸ்போர்ட்டே இல்லாத காலம் இருந்தாலோ, அதற்கான விளக்கத்தைப் படிவத்திலேயே எழுதிவிடுங்கள்.

நம்மவர்கள் அதிகம் கவனிக்க வேண்டியது பெயர். ஓர் ஆவணத்தில் அப்பா பெயர் இனிஷியலாக இருக்கும், இன்னொன்றில் அதுவே குடும்பப் பெயராகியிருக்கும். கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயர் சேர்ந்திருக்கும். ஒரே ஆள்தான் என்று அதிகாரி தானாகப் புரிந்துகொள்வார் என நம்பி இருக்காதீர்கள். திருமணச் சான்றிதழோ, சட்டப்படி பெயர் மாற்றிய ஆவணமோ இருந்தால் சேர்த்து அனுப்புங்கள். அது தமிழில் இருந்தால் ஆங்கில அல்லது பிரெஞ்சு மொழிபெயர்ப்பு அவசியம். வீட்டிலேயே யாராவது நன்றாக மொழிபெயர்ப்பார்கள் என்றாலும், குடும்பத்தினர் செய்ததை ஏற்க மாட்டார்கள்.

அப்புறம், நேர்காணலுக்கு அழைத்தால் அசல்களைக் கொண்டுபோக வேண்டும்.