சைலன்சரைக் கழற்றிக் காட்டுவாரா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். பேராவூரணிக்குத் தெற்கே எங்களுக்கு இரண்டு ஏக்கர் தென்னந்தோப்பு இருக்கிறது. கஜா புயலில் பாதி போயிற்று. மிச்சத்தில் இப்போது ஒவ்வொன்றாகக் குருத்து பட்டுக்கொண்டிருக்கிறது. விழுந்ததும் பட்டதுமாக இருபது மரத்துக்கு மேல் அறுத்து அப்புறப்படுத்த வேண்டும், ஆள் கிடைப்பதில்லை. சித்தப்பாவுக்குத் தெரிந்த ஒருவர், கஜா வருஷத்தில் வாங்கிய ஸ்டில் கம்பெனியின் எம்எஸ் 381 செயின்சாவை 14,000 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார். நேரில் போய்ப் பார்த்தேன். ஆறு மாதமாக ஓட்டவில்லை என்றார். ஆனாலும் ஒரே இழுப்பில் பிடித்தது, சத்தமும் நன்றாக இருந்தது. அதைவிடக் குறைந்த விலைக்கு ஆன்லைனில் புது 58 சிசி சீன மிஷினே வருகிறது, எதற்குப் பழசு என்கிறான் தம்பி. புயலுக்குப் பிறகு நீங்கள் மாதக்கணக்கில் மரம் அறுத்தவர் என்பதால் கேட்கிறேன். வாங்கலாமா?

கா.

அன்புள்ள கா.,

உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது அந்த ‘ஒரே இழுப்பு’தான். ஆறு மாதம் கொட்டகையில் கிடந்த செயின்சா அப்படிப் பிடிக்காது. சோக்கைப் போட்டு மூன்று நான்கு தடவை இழுக்க வேண்டும். ‘டப்’ என்று ஒருமுறை வெடித்து அடங்கும். சோக்கைக் குறைத்து மறுபடி இழுத்தால்தான் ஓடும். நீங்கள் போய்ச் சேருவதற்கு முன்பே அவர் ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறார். அதில் வஞ்சகம் இருக்க வேண்டும் என்பதில்லை. பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் வீடு வாசலைக் கூட்டி வைப்பதில்லையா, அதுபோலத்தான். ஆனாலும் அடுத்த முறை சொல்லாமல் போங்கள். போனதும் சைலன்சர் மேல் புறங்கையை வையுங்கள். சில்லென்று இருந்தால் மட்டும் கயிற்றைத் தொடுங்கள்.

விலை பேசுவதற்கு முன் அவரிடம் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று. சைலன்சரைக் கழற்றிக் காட்டுவாரா? பத்து நிமிட வேலை. கழற்றினால் எக்ஸாஸ்ட் துளை வழியாக பிஸ்டனின் பக்கச்சுவர் அப்படியே தெரியும். பிளக்கையும் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டர் கயிற்றை மெல்ல இழுத்தால் பிஸ்டன் கண்முன்னே ஏறி இறங்கும். போன் டார்ச்சை அடித்து நிதானமாகப் பாருங்கள். நல்ல பிஸ்டனில், கடைசல் பிடித்தபோது விழுந்த மெல்லிய குறுக்குக் கோடுகள் எத்தனை வருஷமானாலும் ஓரளவு தெரியும். மேலிருந்து கீழாக ஆணியால் இழுத்ததுபோல் கீறல்கள் இருந்தால், அல்லது அந்த இடம் தேய்ந்து ஈயம் பூசினாற்போல் மங்கிக் கிடந்தால், அந்த இன்ஜின் ஒருமுறையாவது உள்ளே உரசி இறுகி நின்றிருக்கிறது. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்கை ஒரு ஈர்க்குச்சியால் லேசாக அழுத்திப் பாருங்கள். உள்வாங்கித் திரும்ப வர வேண்டும். கரி இறுகி ஒட்டிக்கொண்டிருந்தால் அதுவும் குறைதான்.

இதை இவ்வளவு வற்புறுத்தக் காரணம் ‘கஜா வருஷத்து மிஷின்’ என்று நீங்கள் எழுதியிருப்பது. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் புயல் கரையேறியது. அதன் பிறகு பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கமெல்லாம் மிஷின்கள் எப்படி ஓடின என்று நாம் பார்த்தோம். விடிந்ததிலிருந்து இருட்டும் வரை, கை மாறிக் கை மாறி, அவசரத்தில். செயின்சா இன்ஜின் டூ ஸ்ட்ரோக். எண்ணெய்க்கென்று தனித் தொட்டி (ஆயில் சம்ப்) கிடையாது. பெட்ரோலில் கலந்து போகும் எண்ணெய்தான் பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் உயிர். கம்பெனி எண்ணெய் என்றால் லிட்டருக்கு 20 மில்லி, மற்ற டூ-டி ஆயில் என்றால் 40 மில்லி என்பது ஸ்டில் கையேட்டில் உள்ள கணக்கு. கலக்காத பெட்ரோலை யாராவது தெரியாமல் ஒரு டேங்க் ஊற்றியிருந்தால் போதும், கதை முடிந்தது. அப்படி ஊற்றியவர் இன்று விற்பவராக இருக்க வேண்டும் என்பதில்லை. அவருக்கே தெரியாமலும் இருக்கலாம்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். புயலுக்குப் பிறகு மூன்றாவது வாரம், கிடைத்ததே பெரிது என்று ஒரு மெக்கானிக்கிடம் பழைய மிஷின் ஒன்றை வாங்கினேன். இன்ன கம்பெனி என்று சொல்லப்போவதில்லை, தப்பு கம்பெனி மேல் இல்லை. மேலே புதிதாக பெயிண்ட் அடித்திருந்தது. அதுவே ஒரு எச்சரிக்கை என்று அப்போது எனக்குப் புரியவில்லை. மூன்றாம் நாள் மதியம் சத்தம் திடீரென்று கூர்மையாக ஏறி, கீச்சென்று நின்றது. திரும்பக் கொண்டுபோனேன். “ஒண்ணுமில்லண்ணே, போர் பண்ணி ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டுரலாம்” என்றார். அதாவது, துளையைக் கடைந்து அகலமாக்கி, கொஞ்சம் பெரிய பிஸ்டன் போடுவது. பழைய யமஹா ஆர்எக்ஸ் 100-க்குச் செய்தது ஞாபகம் வந்து நானும் தலையாட்டினேன். பாதி கடைந்த பிறகுதான் தெரிந்தது. பிஸ்டன் ஓடும் செயின்சா பிளாக் வார்ப்பிரும்பு அல்ல, அலுமினியம். உள்ளே குரோம் அல்லது நிக்கல் கலந்த பூச்சு, தாளைப்போல மெல்லியது. அதைக் கடைந்தால் பூச்சே போய்விடும். பிளாக்கும் பிஸ்டனும் சேர்ந்த முழு கிட்டாக மாற்றுவது ஒன்றே வழி. பிஸ்டனிலிருந்து உருகிய அலுமினியம் மட்டும் பிளாக்கில் ஒட்டியிருந்தால் ஆசிட் வைத்துக் கரைத்துக் காப்பாற்றலாம், அதற்கும் பொறுமையுள்ள கை வேண்டும். ‘போர் பண்ணிக்கலாம்’ என்று யார் சொன்னாலும் மிஷினைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

கீறல் இல்லை என்றால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. எல்லாவற்றையும் திரும்ப மாட்டி, சுவிட்சை அணைத்துவிட்டு, ஸ்டார்ட்டர் கைப்பிடியை மட்டும் பிடித்து மிஷினைத் தொங்கவிடுங்கள். கம்ப்ரஷன், அதாவது உள்ளே காற்றை அழுத்தும் பலம், இருந்தால் தன் எடைக்கே விட்டுவிட்டு, தயங்கித் தயங்கி இறங்கும். கிணற்று வாளி மாதிரி சரசரவென்று இறங்கினால் ரிங் போயிற்று. அதை அளக்கும் கேஜ் வைத்திருக்கும் மெக்கானிக் கிடைத்தால் இன்னும் நல்லது. இந்த அளவு இன்ஜினில் 150 பிஎஸ்ஐ வந்தால் சந்தோஷப்படலாம். 120-க்குக் கீழே என்றால் விலையில் ஒரு கிட்டின் காசைக் கழிக்கச் சொல்லுங்கள்.

பிறகு ஓட்டிப் பாருங்கள். ஆக்சிலேட்டரைத் தொடாமல் ஐடிலிங்கில் விட்டுவிட்டு ஐந்து நிமிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே காதை மட்டும் மிஷினிடம் வையுங்கள். தானாக ஏறி இறங்குகிறதா, ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் சத்தம் இறங்க யோசிக்கிறதா, பக்கவாட்டில் சாய்த்தால் மாறுகிறதா? அப்படியென்றால் எங்கோ காற்று இழுக்கிறது. கிராங்க் ஆயில் சீலாக இருக்கலாம், கார்புரேட்டருக்குப் பின்னால் இருக்கும் ரப்பராகவும் இருக்கலாம். காற்று கூடினால் பெட்ரோல் குறையும், பெட்ரோல் குறைந்தால் எண்ணெயும் குறையும். என் மிஷின் இறுகி நின்றதும் இப்படித்தான் என்று பிறகு தெரிந்தது. ஐடிலிங்கில் செயின் சுற்றவே கூடாது. நன்றாகச் சூடேறிய பின் அணைத்து, கொஞ்சம் பொறுத்து மறுபடி இழுங்கள். சூட்டில் ஸ்டார்ட் ஆக மறுக்கும் மிஷினுக்கு, பிளக்குக்கு மின்பொறி தரும் காயில் அல்லது கம்ப்ரஷன் பலவீனம். முடிந்தால் ஒரு டேங்க் முழுக்க அவர் வீட்டு விறகையே அறுத்துக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

பெட்ரோல் டியூப், கார்புரேட்டருக்குள் இருக்கும் மெல்லிய சவ்வு (டயாபிரம்) எல்லாம் எப்படியும் மாற்ற வேண்டியிருக்கும். அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2018-இல் செய்த ரப்பர் அதற்கென்று செய்ததல்ல. ஊறும், விறைக்கும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும், மாதக்கணக்கில் டேங்கில் நின்றால் தண்ணீர் பிரிந்து அடியில் தங்கும். வேலை முடிந்ததும் டேங்க்கைக் காலிசெய்து, மிச்சத்தை ஓட்டித் தீர்த்துவிட்டு வைக்கப் பழகுங்கள்.

இனி, பேரமே பேசக் கூடாத ஒன்று: செயின் பிரேக். முன்கைப்பிடிக்கு முன்னால் நிற்கும் அந்தப் பிளாஸ்டிக் தடுப்பு வெறும் கைமறைப்பு என்று நம் ஊரில் பாதிப்பேர் நினைக்கிறார்கள். உடைந்தால் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுகிறார்கள். செயின் சுற்றி ஓடும் நீளத் தகடான பாரின் மூக்கில் மேல்பாதி எதிலாவது பட்டால் மிஷின் கண்ணிமைக்கும் நேரத்தில் முகத்தை நோக்கித் துள்ளும். அப்போது செயினை நிறுத்துவது அந்தத் தடுப்புதான். கேரளத்து மரக்கூப்பு ஒன்றில் பழைய ஸ்டில் 070 ஓடிப் பார்த்திருக்கிறேன். 106 சிசி, யானை மாதிரி இன்ஜின், செயின் பிரேக் கிடையாது. அதை ஓட்டுகிறவர்கள் முப்பது வருஷம் அதோடு வாழ்ந்தவர்கள். நீங்கள் அப்படியல்ல. மிஷினைத் தரையில் அழுத்திப் பிடித்து, கொஞ்சம் ரேஸ் செய்து, இடக்கை மணிக்கட்டால் தடுப்பை முன்னே தள்ளுங்கள். செயின் அந்த நொடியே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் முதலில் சரிசெய்து தரட்டும், பிறகு மற்றப் பேச்சு.

போலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 381-ஐ அச்சு அசலாகப் பார்த்துச் செய்த மிஷின்கள் ஸ்டிக்கரோடு சந்தையில் உண்டு. கிராங்க்கேஸில் பொறித்த சீரியல் நம்பர் இருக்கிறதா, தேய்க்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். போட்டோ எடுத்து ஒரு டீலரிடம் காட்டினால் தெரிந்துவிடும்.

இத்தனையும் தேறினால் 14,000 நியாயமான விலை. ஆனாலும் நான் அதை வாங்கச் சொல்ல மாட்டேன். 381 என்பது 72 சிசி, பாரும் செயினும் இல்லாமலே ஆறரை கிலோவுக்கு மேல். புளியும் வேம்பும் அறுக்கிறவர்களுக்கு அது வேண்டும். தென்னை அடியில் பருத்திருந்தாலும் இடையில் ஒரு அடி விட்டம் இருந்தால் அதிகம். 45–50 சிசி மிஷினில் 18 இன்ச் பார் தாராளம். முதல் தடவை கையில் எடுப்பவருக்கு மதியத்துக்கு மேல் ஒவ்வொரு கிலோவும் தெரியும். கை அசந்த பிறகுதான் விபத்து நடக்கிறது. அதே சித்தப்பாவை இன்னும் நான்கு பேரிடம் விசாரிக்கச் சொல்லுங்கள், எம்எஸ் 250 போல 45 சிசி மிஷின் ஒன்று யாரிடமாவது தூங்கிக்கொண்டிருக்கும்.

தம்பி சொல்வதையும் தள்ளிவிட மாட்டேன். சீன 58 சிசி மிஷினுக்கு எந்த ஊர்க் கடையிலும் சாமான் கிடைக்கிறது, அது சின்ன விஷயமில்லை. சில நன்றாக ஓடுகின்றன, சில மூன்றாம் டேங்கில் படுத்துவிடுகின்றன. இருபது மரத்துக்கு அது போதும், அடுத்த பத்து வருஷத்துக்கு என்றால் எனக்கு நம்பிக்கையில்லை. அதிலும் செயின் பிரேக்கை நான் சொன்னபடி சோதித்துவிட்டே வேலையைத் தொடங்கட்டும்.

எதை வாங்கினாலும் ஒரு உருண்டை அரமும் இரண்டு உபரி செயினும் சேர்த்து வாங்குங்கள். தென்னையின் வெளிவைரம் செயினைச் சீக்கிரம் மழுக்கும். மணலில் கிடக்கும் மரத்தை அறுக்கும்போது நுனி ஒருமுறை மண்ணில் பட்டாலும் போயிற்று, அடியில் மட்டையை முட்டுக்கொடுத்துத் தூக்கிவிட்டு அறுங்கள். தூளுக்குப் பதில் மாவாக விழ ஆரம்பித்தால் அரம் போடும் நேரம். மரத்தை மழைக்கு முன் அப்புறப்படுத்துங்கள், மக்கும் தண்டில்தான் காண்டாமிருக வண்டு முட்டையிடும்.

381-ஐப் பார்த்துவிட்டே முடிவு செய்வேன் என்றால், போகும்போது ஒரு டி-27 நட்சத்திரச் சாவி எடுத்துப்போங்கள். ஸ்டில் மிஷின்களில் பெரும்பாலான ஸ்க்ரூ அதுதான், சாதா ஆலன் கீயைத் திணித்தால் தலை வழுக்கிவிடும். ‘கழற்ற சாவி இல்லையே தம்பி’ என்று அவர் சொல்ல இடம் வைக்காதீர்கள்.