ஆம்ப்ளிஃபயர் ஒரே பெட்டியா, தனித்தனியா?

கேள்வி: நாகர்கோவில் வீட்டில் 12-க்கு 14 அடி அறை. ஸ்பீக்கர் 8 ஓம், 87 டெசிபல். ஒரு லட்சத்துக்குள் இன்டகிரேட்டட் ஆம்ப் நல்லதா, ப்ரீஆம்பும் பவர் ஆம்பும் தனித்தனியாக வாங்குவது நல்லதா?

இன்டகிரேட்டடே வாங்குங்கள். பாட்டைத் தேர்ந்தெடுத்து வால்யூம் வைக்கிற ப்ரீஆம்பும், ஸ்பீக்கரை ஓட்டுகிற பவர் ஆம்பும் அதில் ஒரே பெட்டிக்குள் இருக்கும். பின்பக்கம் 'ப்ரீ அவுட்' (தனி பவர் ஆம்புக்கு வயர் எடுக்கும் துளை) இருக்கிற மாடலாகப் பார்த்து எடுங்கள்.

முதலில் வாட்ஸ் கணக்கு. உங்கள் ஸ்பீக்கர் 1 வாட்டுக்கு 1 மீட்டர் தூரத்தில் 87 டெசிபல் தரும். வாட்ஸ் இரு மடங்கானால் கூடுவது 3 டெசிபல்தான். 50 வாட்ஸுக்கு 104 வரும். 3 மீட்டர் தள்ளி உட்கார்ந்தாலும் சுமார் 95 காதுக்கு வந்து சேரும். இந்த அறைக்கு அது தாராளம். 100 வாட்ஸ் பவர் ஆம்புக்குச் செலவழித்தால் அதற்கு மேல் கிடைப்பது அந்த 3 டெசிபல் மட்டுமே. அந்தக் காசை ஸ்பீக்கரில் போட்டால் வித்தியாசம் உடனே கேட்கும்.

தனித்தனியாக வாங்குவதில் நியாயமே இல்லை என்று சொல்லவில்லை. 4 ஓமுக்கும் கீழே இறங்கும் பெரிய ஸ்பீக்கர், பெரிய ஹால், பவர் ட்ரான்ஸ்ஃபார்மரை ரெக்கார்ட் பிளேயருக்கான ஃபோனோ சர்க்யூட்டிலிருந்து விலக்கி வைக்க வேண்டிய தேவை, இதெல்லாம் இருந்தால் அது சரியான வழி. ஆனால் இரண்டு பெட்டியும் பொருந்த வேண்டும். பவர் ஆம்பின் இன்புட் இம்பீடன்ஸ் (ஓமில் சொல்லும் மின்தடை), ப்ரீஆம்பின் அவுட்புட் இம்பீடன்ஸைப்போல் குறைந்தது 10 மடங்கு இருக்கட்டும். வால்வ் ப்ரீஆம்பை 10 கிலோ ஓம் இன்புட்டில் மாட்டினால் பெரும்பாலும் பேஸ் மெலிந்துவிடும். கெயின் (சிக்னலைப் பெருக்கும் அளவு) அதிகமானால் வால்யூமைக் கொஞ்சம் திருப்பினாலே அலறும், கூடவே இரைச்சலும் வரும்.

நம்ம மாவட்டத்துக்கு இன்னொரு விஷயம், உப்புக்காற்று. குளச்சல், முட்டம் பக்கம் கடலோர வீடுகளில் பெட்டிகளை இணைக்கும் வயரின் ஆர்சிஏ பின்னைக் கழற்றிப் பாருங்கள், முலாம் தேய்ந்த இடத்தில் பச்சைப் பூப்பு பிடித்திருக்கும். ஒரு பக்கம் சத்தம் விட்டுவிட்டு வரும், பின்னை லேசாகத் திருகினால் சரியாகும். பெட்டி கூடக் கூட இப்படிப்பட்ட இணைப்புகளும் கூடும். செட்டை அணைத்துவிட்டு, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, நன்றாகக் காய்ந்தபின் மாட்டுங்கள்.

ஹம் சத்தமும் அப்படித்தான். எர்த் உள்ள இரண்டு பெட்டிகளை இரண்டு ப்ளக் பாயிண்டில் மாட்டினால் கிரவுண்ட் லூப் (எர்த் வழியாக மின்சாரம் சுற்றும் வளையம்) உருவாகி 'ம்ம்ம்' என்று உறுமலாம். எல்லாவற்றையும் ஒரே பாயிண்டிலிருந்து எடுங்கள். டிவியும் இணைந்திருந்தால் அதன் கேபிள் வயரைக் கழற்றிப் பாருங்கள். ஹம் நின்றால் அது வரும் வழி அந்த வயர்தான், அதில் லூப்பைத் துண்டிக்கும் சிறு கருவியான ஐசொலேட்டர் போடுங்கள். எர்த் பின்னை மட்டும் ஒருபோதும் வெட்டாதீர்கள், உயிருக்கே ஆபத்து.

ஐப்பசி இடிமழைக்கு ஸ்விட்சை அணைத்தால் போதாது. ப்ளக்கையும் டிவி கேபிளையும் இடி தொடங்கும் முன்பே பிடுங்கி வைக்க வேண்டும்.

ப்ரீ அவுட் எதற்கு என்றால், பின்னால் பெரிய ஸ்பீக்கர் வாங்கினால் ஆம்பை மாற்றாமல் பவர் ஆம்ப் ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளலாம். 1978-இல் வந்த 20 வாட்ஸ் என்ஏடி 3020-இலேயே இந்த வசதி உண்டு. அதில் ப்ரீ அவுட்டையும் மெயின் இன்னையும் (உள்ளிருக்கும் பவர் ஆம்பின் இன்புட்) சிறு உலோகத் துண்டுகள் இணைத்திருக்கும், அதைக் கழற்றிவிட்டு வயர் மாட்ட வேண்டும். அப்படிச் சேர்த்த பிறகு, போடும்போது பவர் ஆம்ப் கடைசியில், அணைக்கும்போது முதலில். மாற்றிச் செய்தால் 'டம்' என்ற அடி நேராக ஸ்பீக்கர் கோனில் விழும்.