லேத் பட்டறையில் ஐயப்ப மாலை

கேள்வி: கப்பலூர் தொழிற்பேட்டையில் சின்ன லேத் (கடைசல்) பட்டறை வைத்திருக்கிறேன். மூன்று லேத், ஒரு மில்லிங், ஒரு கேஸ் கட்டிங் செட். வேலையாட்கள் ஒன்பது பேர். நானும் மெஷினில் நிற்பேன். இந்தக் கார்த்திகையில் முதல்முறையாக ஐயப்பனுக்கு மாலை போடுகிறேன். பட்டறையில் வெறுங்காலோடு நிற்க முடியுமா? பார்ட்டிகளிடம் பொய் சொல்லித்தான் தொழில் ஓடுகிறது, விரதத்தில் அதற்கு என்ன செய்வது? என்னிடம் ஒரு முஸ்லிம் பையனும் இரண்டு கிறிஸ்தவர்களும் வேலை பார்க்கிறார்கள். "சாமி ரூம்ல ஒரு ஆளு, பட்டறையில வேற ஆளு" என்று வீட்டில் குத்திக்காட்டுகிறார்கள். அப்படி இல்லாமல் இருக்க வழி சொல்லுங்கள்.
வாசகர், திருமங்கலம்

பதில்: முதலில் மாலை. உயிர் சம்பந்தப்பட்டது அதுதான்.

108 மணி மாலை நெஞ்சுக்குக் கீழே தொங்கும். லேத்தில் கடைகிற துண்டை, அதாவது ஜாபை, ஓடும்போது குனிந்து பார்த்தால் அதைப் பிடித்துச் சுழற்றும் சக்கில் மாட்டிக்கொள்ளும். 500 ஆர்பிஎம்மில் சக் ஒரு விநாடிக்கு எட்டுச் சுற்றுக்கு மேல் சுற்றுகிறது. சுவிட்சைத் தட்ட நேரம் இருக்காது. அதிலும் செம்புக் கம்பியில் கட்டிய மாலை அறுபடாது, கழுத்தைத்தான் இழுக்கும். அதனால் 54 மணி மாலையாக, பருத்தி நூலில் கோத்ததாக வாங்குங்கள். பனியனுக்குள் போட்டு, மேலே சட்டையைக் கழுத்துப் பட்டன் வரை பூட்டுங்கள். தோளில் துண்டு, வேட்டி இரண்டும் மெஷின் பக்கம் வரக் கூடாது. கறுப்பு பேன்ட், கறுப்பு அரைக்கைச் சட்டை போதும். வேலைக்கு நடுவே நூல் அறுந்தால் பதற வேண்டாம். மணிகளைப் பொறுக்கி மறுபடி கோத்துக் குருசாமி கையால் போட்டுக்கொள்ளலாம். அறுகிற நூல்தான் உங்களுக்கு நல்லது.

வெறுங்காலோடு லேத் முன்னால் நிற்கவே கூடாது. டர்னிங்கில் (கடைசலில்) வரும் இரும்புச் சுருள் பிளேடு மாதிரி வெட்டும், சூடாகவும் இருக்கும். வெட்டும் இடத்தைக் குளிர்விக்கும் கூலன்ட் தரையில் சிந்தியிருந்தால் வழுக்கும். மாலை போட்ட போலீஸ்காரர் பூட்ஸோடுதான் டியூட்டி பார்க்கிறார். வேலை நேரத்துக்கு மட்டும் விலக்கு என்று மாலை போடும் முன்பே குருசாமியிடம் கேட்டுவிடுங்கள். தோல் வேண்டாம் என்று தோன்றினால் தோல் கலக்காத ரப்பர் சேஃப்டி ஷூவும் கடையில் கிடைக்கிறது. அதைப் பட்டறைக்குள் மட்டும் போடுங்கள். கேட்டைத் தாண்டியதும் வெறுங்கால்.

மாலை போட்டவர்களுக்கு வேலையில் அடிபட முக்கியக் காரணம் தூக்கம் என்பது எங்கள் கருத்து. பஜனை இரவு பதினொன்று வரை போகும், காலையில் நாலரைக்கு எழுந்து குளிக்க வேண்டும். ஐந்து மணி நேரத் தூக்கத்தோடு, காலையில் சாப்பிடாமல், மதியம் மூன்று மணிக்கு மெஷினில் நின்றால் கண் சொருகும். பஜனை இருந்த மறுநாள் நீங்கள் அளவு பார்ப்பது, பில் போடுவது, மெட்டீரியல் எடுப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவேளைச் சாப்பாடு என்று விரதம் இருந்தாலும் காலையில் பால், பழம், ஊறவைத்த பயறு ஏதாவது உள்ளே போகட்டும்.

அடுத்து அந்தப் பொய். செருப்பைப் பற்றி நீண்ட கேள்வி கேட்கிறவர்கள் போனில் சொல்லும் பொய்யைப் பற்றிக் கேட்பதே இல்லை, நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். "ஜாப் மெஷின்ல இருக்கு, மதியம் வந்துரும்" என்கிறோம், ராடு இன்னும் வெட்டப்படாமல் மூலையில் கிடக்கிறது. இந்தப் பொய் மனசு கெட்டு வருவதில்லை, கணக்கு தெரியாமல் வருவது. ஒரு லேத் எட்டு மணி நேரம் ஓடுகிறது என்று வைத்துத் தேதி கொடுக்கிறோம். செட்டிங், டூல் தீட்டுவது, கரன்ட் போவது, டீ எல்லாம் போக ஐந்தரை மணி நேரம் கிடைத்தாலே பெரிது. ஆகவே ஒரு மெஷினுக்கு ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம் என்று மட்டும் எழுதுங்கள். பதினைந்து மணி நேர வேலை என்றால் மூன்று நாள், மெட்டீரியல் வர ஒரு நாள், எதிர்பாராததற்கு ஒரு நாள். ஆக ஐந்தாம் நாள்தான் தேதி.

வெள்ளைப் பலகை ஒன்றை ஆபீஸ் சுவரில் மாட்டி நான்கு கட்டம் போடுங்கள்: பார்ட்டி, மெட்டீரியல் வந்ததா, எத்தனை மணி நேரம் பாக்கி, சொன்ன தேதி. போன் வந்தால் பலகையைப் பார்த்து அதில் உள்ளதை மட்டும் சொல்லுங்கள். தேதி தவறப்போகிறது என்று தெரிந்த அன்றே, அவர் கூப்பிடும் முன் நீங்கள் கூப்பிடுங்கள். முதல் வாரம் ஒன்றிரண்டு ஆர்டர் வேறு பட்டறைக்குப் போகலாம். அதைத் தாங்கத் தயாராக இருங்கள். போனை வேலையாள் கையில் கொடுத்து "நான் இல்லைன்னு சொல்லு" என்பதும் உங்கள் கணக்கில்தான் ஏறும். அந்த வேலையாளை இதில் இழுக்காதீர்கள்.

இதோடு சேர்ந்தது மெட்டீரியல். இஎன் 8 (நடுத்தரக் கார்பன் எஃகு) கேட்டவருக்கு எம்எஸ் (மைல்ட் ஸ்டீல்) ராடில் ஷாஃப்ட் போட்டுக் கொடுத்தால் பெயின்ட் அடித்த பிறகு கண்ணுக்குத் தெரியாது. ஆனால் எம்எஸ்ஸில் கார்பன் குறைவு, சூடாக்கிக் கடினமாக்கும் ஹார்டனிங் ஏறாது, தேய்ந்து திரும்பி வரும். எந்த ராடு என்று சந்தேகம் வந்தால் கிரைண்டரில் வைத்துப் பாருங்கள். இஎன் 8-க்குப் பொறி அதிகமாகக் கிளைத்து வெடிக்கும், எம்எஸ்ஸுக்கு நீளக் கோடாகப் போகும். வாங்கியதும் ராடின் முனையில் கலர் அடித்து வையுங்கள்.

பட்டறையில் பூஜை எப்படி என்று நீங்கள் கேட்கவில்லை. மாலை போட்டதும் தினமும் கற்பூரம் ஏற்றத் தோன்றும் என்பதால் சொல்கிறோம். சாமி படம் மெயின் போர்டுக்குப் பக்கத்தில் வேண்டாம்; டீசல், தின்னர், கேஸ் சிலிண்டர் இருக்கும் மூலையிலும் வேண்டாம். விளக்கின் எண்ணெய் தொட்ட கையோடு கேஸ் கட்டிங் செட்டின் ஆக்சிஜன் வால்வைத் திறக்காதீர்கள். அழுத்தத்தில் வரும் ஆக்சிஜன் எண்ணெயில் பட்டால் தீக்குச்சியே இல்லாமல் பற்றும். சந்தனமும் குங்குமமும் லேத்தின் ஹெட்ஸ்டாக் (சக் இருக்கும் தலைப் பெட்டி) மூடியின் மேல் வைக்கலாம், நீளமான அடிப்பாளமாகிய பெட்டின் மேல் வைக்கக் கூடாது. ஈரச் சந்தனம் துருப்பிடிக்க வைக்கும், விபூதித் தூள் டூலைத் தாங்கி நகரும் கேரேஜுக்கு அடியில் புகுந்து உராயும். ஆயுத பூஜை முடிந்த மறுநாள் பெட்டைத் துடைத்து 68 நம்பர் ஆயில் விட்ட பிறகே மெஷினைப் போடுங்கள். அளவு பார்க்கும் வெர்னியரின் தாடைக்குப் பொட்டு வைத்து நாசமாக்கியவர்கள் உண்டு. திருஷ்டிப் பூசணியை ரோட்டில் உடைக்காமல் உங்கள் காம்பவுண்டுக்குள் உடைத்து உடனே அள்ளுங்கள். பைக்கில் வருகிறவர் வழுக்கி விழுந்தால் அந்தப் பாவம் யாருக்கு?

காலையில் விளக்கேற்றியதும் அப்படியே ஒரு சுற்று வாருங்கள். சக்கில் சாவி விட்டிருக்கிறதா, பாதுகாப்பு மூடி (கார்டு) போட்டிருக்கிறதா, தரையில் எண்ணெய் இருக்கிறதா, வெல்டிங் கேபிள் உரிந்திருக்கிறதா. மூன்று நிமிடம் போதும். வழிபாடு தனி, சேஃப்டி தனி என்று வைத்தால் அவசர நாளில் முதலில் விடுபடுவது சேஃப்டிதான்.

விரதத்தில் கோபம் கூடாது என்பார்கள். ஆள் வேலை கெடுத்தால்? மாலை போட்டவர் எல்லோரையும் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். டயா (விட்டம்) குறைந்துபோன ஜாபைக் கையில் வைத்துக்கொண்டு "என்ன சாமி இது?" என்று கேட்டுப் பாருங்கள், பாதிக் கோபம் அங்கேயே இறங்கிவிடும். மீதியை ஜாப் கார்டில் எழுதி வைத்துச் சாயங்காலம் பேசுங்கள்.

உங்கள் விரதத்துக்கு இத்தனை ஏற்பாடு செய்யும்போது உங்களிடம் வேலை பார்க்கும் முஸ்லிம் பையன், கிறிஸ்தவர்கள் இவர்களுடைய வழிபாடும் அதே பலகையில் வர வேண்டும். தொழுகைக்காக வெள்ளிக்கிழமை மட்டும் சாப்பாட்டு நேரத்தை எல்லோருக்கும் 12:30 முதல் 1:45 வரை மாற்றிவிடுங்கள். வழக்கமாக 45 நிமிட இடைவேளை என்றால் கூடுதலான அரை மணியை மாலையில் ஈடுகட்டலாம். அந்தப் பையன் தனியாக அனுமதி கேட்டுத் தலையைச் சொறிய வேண்டியதில்லை. ரம்ஜான் நோன்பு மாதத்தில் அவருக்குக் கனமான வேலையைக் காலையில் கொடுங்கள், மதியத்துக்கு மேல் வெல்டிங், கட்டிங் வேண்டாம். நோன்பு திறக்கும் நேரத்துக்கு முன் வீட்டுக்கு அனுப்புங்கள். ஞாயிறு ஓவர்டைமைக் கிறிஸ்தவர்கள் தலையில் கட்டாதீர்கள், மறுத்தால் முகம் சுளிக்காதீர்கள். ஆயுத பூஜையன்று பொட்டு, பிரசாதம் வேண்டாம் என்கிறவரை விட்டுவிடுங்கள். போனஸ் கவரைப் பூஜைத் தட்டில் வைத்து நீட்டாமல் தனியாகக் கையில் கொடுங்கள்.

விடுமுறைக்கு 1958ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் இருக்கிறது: நான்கு தேசிய விடுமுறை, அதோடு ஐந்து பண்டிகை விடுமுறை. அந்த ஐந்தை நீங்களாக முடிவு செய்யாமல் டிசம்பரிலேயே ஒன்பது பேரையும் உட்காரவைத்துத் தேர்ந்தெடுங்கள். பொங்கல், ரம்ஜான், ஆயுத பூஜை, தீபாவளி, கிறிஸ்துமஸ் என்று வந்தால் பெரும்பாலும் தகராறு இருக்காது. அழகர் ஆற்றில் இறங்கும் நாளைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள். சித்ரா பௌர்ணமியன்று பாதிப் பேர் எப்படியும் வர மாட்டார்கள். லீவு என்று முதலிலேயே அறிவித்து, ஈடுசெய்யும் நாளையும் சொல்லிவிடுவது மேல்.

மலைக்குப் போகும் தேதி ஆன்லைன் முன்பதிவில் எந்த நாள் கிடைக்கிறதோ அதைப் பொறுத்தது. அதனால் மாலை போடும் முன்பே பதிவு செய்து, போய்வர ஆகும் நான்கு நாளையும் பலகையில் அடைத்துவிடுங்கள். பட்டறை முடிந்த அன்று இரவே தேனி, கம்பம், குமுளி என்று நீங்களே வண்டி ஓட்டிக்கொண்டு கிளம்பாதீர்கள். டிரைவர் வையுங்கள், இல்லையென்றால் ஒரு இரவு தூங்கிவிட்டுப் புறப்படுங்கள். திரும்பி வந்து மாலை கழற்றிய மறுநாளும் உங்களுக்கு மெஷின் வேண்டாம். கூட வந்த ஆட்கள் அன்றைக்கு விட்டதைப் பிடிக்கிறேன் என்று குடித்திருப்பார்கள். அவர்களுக்கும் சேர்த்து அன்று லீவு போட்டுவிடுங்கள்.