புல்லட்டில் எது கம்பெனி பாகம்?

கேள்வி: பெரியப்பா ஓட்டிய 350 சி.சி. புல்லட் கைக்கு வந்திருக்கிறது. ஆர்.சி.யில் 1964 என்று இருக்கிறது. 'மேட் இன் இங்கிலாண்ட்' அச்சு உள்ளதுதான் ஒரிஜினல், மற்றதை மாற்றிவிடு என்கிறார் மெக்கானிக். சரியா?
– வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: ஒன்றையும் மாற்றாதீர்கள். என்ஃபீல்ட் கம்பெனி 1955-ல் சென்னையில் தொடங்கியபோது இங்கிலாந்தின் ரெட்டிச் தொழிற்சாலையிலிருந்து வந்த பாகங்களைக் கோத்துத்தான் வண்டி செய்தார்கள். 1962 வாக்கில் எல்லாமே இங்கே தயாரானது. ஆக, 1956 வண்டியில் இங்கிலாந்து அச்சு இருப்பது நியாயம். உங்கள் 1964-ல் இருந்தால், பிற்பாடு யாரோ தேடிப் பிடித்து மாட்டியதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஒரிஜினலா என்பதை ஆண்டை வைத்துத்தான் சொல்ல வேண்டும், நாட்டை வைத்து அல்ல.

முதலில் நம்பர். எஞ்சின் கேஸில் உள்ளதையும் சேஸிஸ் கழுத்தில் உள்ளதையும் மண்ணெண்ணெய், நைலான் பிரஷ் கொண்டு துடையுங்கள். கம்பி பிரஷ் போட்டால் எழுத்தோடு ஆதாரமும் போகும். தாள் வைத்து பென்சிலால் தேய்த்துப் படி எடுத்து, இரண்டையும் தனித்தனியாக ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். எழுத்து ஏறி இறங்கி இருந்தாலோ, அந்த இடம் மட்டும் கிரைண்டர் பட்டதுபோல் பள்ளமாக இருந்தாலோ சந்தேகப்படலாம்.

பிறகு பிராண்டைப் பாருங்கள். லூகாஸ்-டிவிஎஸ் 1961-ல் தொடங்கிய, வண்டிகளுக்கு மின்பாகங்கள் செய்யும் கம்பெனி. அந்தப் பெயர் 1964 வண்டியில் பொருந்தும், 1956-ல் பொருந்தாது. கார்புரேட்டரில் மிக்கார்ப் என்றிருந்தால் அது 1980-களிலோ அதற்குப் பிறகோ வந்த சரக்கு. உங்கள் வண்டிக்கு உரியது அமால் கார்புரேட்டர். கியர் வலது காலில், பக்கத்தில் குதிகால் படும் நியூட்ரல் லிவர். கியர் இடது பக்கம் போயிருந்தால் அது பட்டறை வேலை.

பலரும் பார்க்காமல் விடுவது மரை. அந்தக் கால நட்டுகள் இங்கிலீஷ் அளவு. 5/16 அங்குல பி.எஸ்.எஃப். (பழைய பிரிட்டிஷ் மரை அளவு) நட்டுக்கு 13 எம்.எம். ஸ்பேனர் ஏறாது, 14 வழுக்கும். 13 கச்சிதமாக உட்கார்ந்தால் அது பின்னால் போட்ட மெட்ரிக் நட்டு. அந்த மரைக்குள் எட்டு எம்.எம். போல்ட்டை அடித்து ஏற்றினால் இரண்டு சுற்று போய் இறுகும், அலுமினிய மரை பிய்த்துக்கொண்டு வரும். புல்லட் கேஸ்கள் பாழாவது பெரும்பாலும் இப்படித்தான்.

பெயிண்ட் நிறம் தெரிய, டேங்கின் அடிப்பக்கம், டூல் பாக்ஸ் உள்புறம், ஹெட்லைட் கூட்டின் உள்புறம் பாருங்கள். அங்கே யாரும் அடிப்பதில்லை. பழைய பெயிண்ட் கொஞ்சம் மிச்சம் இருந்தாலும் டேங்கை உரிக்காதீர்கள். கையால் இழுத்த தங்க நிறக் கோடுகளை ஸ்டிக்கர் ஈடுகட்டாது.

கேள்வி: எங்கள் வண்டி 1970 பதிவு. விண்டேஜ் நம்பர் வாங்கலாமா?
– வாசகர், கம்பம்

பதில்: முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டியதால் தகுதி உண்டு. சேஸிஸ், எஞ்சினில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. 2021 விதிப்படி புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும். புதிதாகப் பதிவாகும் வண்டிக்குத்தான் நம்பரில் 'விஏ' வரும்; ஏற்கெனவே பதிவான வண்டி பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதன்பின் தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, ராலி, ஆராய்ச்சி, பெட்ரோல் போட, பராமரிப்புக்குக் கொண்டுபோக என்று மட்டும்தான் சாலையில் இறக்கலாம். குமுளி வரை டீ குடிக்கப் போகிற வண்டி என்றால் வேண்டாம்; சாதாரண ஆர்.சி.யையே புதுப்பித்துக்கொள்ளுங்கள். கேரளப் பதிவு வண்டியைத் தமிழ்நாட்டுக்கு மாற்றுவதென்றால், முதலில் அங்குள்ள ஆர்.டி.ஓ.விடம் படிவம் 28-ல் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும்.

கேள்வி: எஞ்சின் நம்பர் தேய்ந்துவிட்டது. நாமே குத்திக்கொள்ளலாமா?
– வாசகர், செங்கோட்டை

பதில்: கூடவே கூடாது. அப்படியே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காட்டி, எழுத்து அனுமதி பெற்ற பிறகே குத்த வேண்டும். இல்லையென்றால் நல்ல வண்டியும் திருட்டு வண்டி ஆகிவிடும்.