'ஆறு மாச கேன்சர் கோர்ஸ்'ல அக்கா பொண்ண சேக்கலாமா?

கேள்வி: அக்கா பொண்ணு கவர்மென்ட் ஸ்கூல்ல ப்ளஸ் டூ முடிச்சிருக்கா, பயாலஜி குரூப், 541 மார்க். நீட் கிடைக்கல. எங்கம்மா மார்புப் புற்றுநோய்ல போனதுல இருந்து கேன்சர் சம்பந்தமாதான் படிப்பேன்னு நிக்கிறா. ஒருத்தர் ஊருக்கு வந்து "ஆறு மாச கேன்சர் கேர் டிப்ளமோ, 1,40,000 ரூபா, வேலை கியாரண்டி"ங்கறார். 10,000 டோக்கன் குடுத்துட்டோம். சேக்கலாமா? அவ தம்பி ப்ளஸ் ஒன், கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். அவனும் இந்த லைனுக்கு வர முடியுமா?

பதில்: வேணாங்க. மிச்சப் பணத்த குடுக்காதீங்க, டோக்கன் போனா போகட்டும்.

நம்ம பக்கம் கேன்சருக்கு "கரண்ட் வைக்கிறது"ன்னு சொல்லுவாங்கல்ல, அந்த ரேடியேஷன் டிபார்ட்மென்ட்லதான் நான் இருபது வருஷத்துக்கு மேல இருக்கேன். அந்த மெஷின்ல யார் கை வைக்கலாம்னு ஏ.இ.ஆர்.பி., அதாவது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம், விதி போட்டு வெச்சிருக்கு. டெக்னாலஜிஸ்ட், அதாவது அந்த மெஷின ஓட்டறவர், ஆகணும்னா ப்ளஸ் டூவுக்கு மேல குறைஞ்சது ரெண்டு வருஷ ரேடியோதெரபி (கதிர்வீச்சு சிகிச்சை) படிப்பு, அதுக்குள்ளயே ஆஸ்பத்திரி ட்ரெயினிங். வேலைக்கு எடுக்கறப்ப ஆஸ்பத்திரி உங்க பொண்ணு பேர ஏ.இ.ஆர்.பி.யோட ஈ-லோராங்கற வெப்சைட்ல ஏத்தணும். ஆறு மாச டிப்ளமோவ அங்க ஏத்த முடியாது. அப்புறம் அந்த "வேலை கியாரண்டி" என்னன்னா பில்லிங் கவுண்டர், இல்லன்னா வார்டுல எடுபிடி வேலை. அப்படி வந்து அழுத புள்ளைங்கள நான் பாத்திருக்கேன், சர்டிபிகேட்ட மட்டும் லேமினேட் பண்ணி பளபளன்னு குடுத்திருப்பான்.

அவ பாக்க வேண்டியது பி.எஸ்சி ரேடியோதெரபி டெக்னாலஜி. மூணு வருஷம், பிறகு ஒரு வருஷம் இன்டர்ன்ஷிப். கவர்மென்ட் மெடிக்கல் காலேஜ்லயே இருக்கு, மருத்துவக் கல்வி செலக்ஷன் கமிட்டி "பாராமெடிக்கல் டிகிரி"ன்னு வருஷா வருஷம் அப்ளிகேஷன் விடும், நான் பாத்த வரைக்கும் ப்ளஸ் டூ மார்க்குலதான் சீட்டு, இந்த வருஷ ப்ராஸ்பெக்டஸ்ல மட்டும் ஒருதடவ சரிபாத்துக்கங்க. பிரைவேட்டா இருந்தா டாக்டர் எம்.ஜி.ஆர் மருத்துவப் பல்கலைக்கழகத்தோட லிஸ்ட்ல அந்த காலேஜும் அந்த கோர்ஸும், ரெண்டும், இருக்கான்னு பாருங்க. காலேஜ் பேர் மட்டும் இருக்கும், கோர்ஸ் இருக்காது, அதுலதான் ஏமாத்துவாங்க. அரசுப் பள்ளில ஆறாவதுல இருந்து படிச்சிருந்தா புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1,000 ரூபாயும் வரும். நோயாளிகிட்ட நேரா இருக்கணும்னு ஆசன்னா பி.எஸ்சி நர்சிங் முடிச்சு, கொஞ்சம் அனுபவத்தோட ஒரு வருஷ ஆன்காலஜி நர்சிங், அதாவது கேன்சர் நர்சிங், டிப்ளமோ போகலாம்.

இதெல்லாம் ஏன் உங்களுக்கு யாரும் சொல்லலன்னு கேப்பீங்க. சொல்லமாட்டாங்க சார். அறிவிப்பு ஒரு மூலையில பி.டி.எஃப்-ஆ கிடக்கும், கடைசி தேதி முடிஞ்சப்புறம்தான் ஊருக்கு சேதி வரும், ஸ்கூல்ல கேட்டா நீட் இல்லன்னா இன்ஜினியரிங் ரெண்டே வாசல்தான் தெரியும். ஏஜென்ட் மட்டும் ரிசல்ட் வந்த அன்னிக்கே வீட்டு வாசல்ல நிப்பான்.

இப்ப தம்பி. பயாலஜி இல்லாம ரேடியோதெரபி டெக்னாலஜி கிடைக்காது, ஆனா கதவு மூடல, எல்லாரும் மூடிருச்சுன்னு நெனச்சுக்கறாங்க. நானே பயாலஜி படிக்காதவன்தான். மெஷின் எவ்வளவு கதிர் விடணும், கட்டிக்கு முழுசா போய் பக்கத்துல இருக்கற நுரையீரலுக்கு எப்படி கம்மியா போகணும்னு கணக்குப் போடறவர் மெடிக்கல் பிசிசிஸ்ட். டாக்டர் இல்ல, ஆனா அவர் இல்லாம ட்ரீட்மென்ட் ஓடாது. அதுக்கு பிசிக்ஸ்தான் அஸ்திவாரம். பி.எஸ்சி பிசிக்ஸ் அரசு கலைக் கல்லூரிலயே படிக்கலாம், அப்புறம் எம்.எஸ்சி மெடிக்கல் பிசிக்ஸ், அண்ணா யுனிவர்சிட்டில இருக்கு. இல்ல, சாதா எம்.எஸ்சி பிசிக்ஸே முடிச்சிட்டான்னா மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்துல ஒரு வருஷ ரேடியாலஜிக்கல் பிசிக்ஸ் டிப்ளமோ. எந்தப் பக்கம் வந்தாலும் ரேடியோதெரபி டிபார்ட்மென்ட்ல 12 மாசம் இன்டர்ன்ஷிப் கட்டாயம். நடுவுல "பி.எஸ்சி பிசிக்ஸ் படிச்சு என்ன பண்ணப்போற"ன்னு சொந்தக்காரங்க அவன இழுத்துட்டுப் போகாம பாத்துக்கங்க, ப்ளஸ் டூவுல பிசிக்ஸும் மேத்ஸும் கெட்டியா இருக்கட்டும். எம்.எஸ்சி சேர்றதுக்கு முன்னாடி அந்த கோர்ஸ ஏ.இ.ஆர்.பி. ஏத்துக்குதான்னு அவங்க வெப்சைட்ல பாத்துடணும், ரெண்டு வருஷம் படிச்சுட்டு பாத்தா பிரயோஜனமில்ல.

அக்கா பொண்ணுக்கு கேன்சர் ஆராய்ச்சி பக்கம் போகணும்னு ஆசன்னா, டிகிரி முடிக்கறப்ப எழுதுங்க, அது வேற ரூட்டு.

ஒண்ணு கேக்க மறந்துட்டேன், டோக்கனோட சேத்து ஒரிஜினல் மார்க்ஷீட்டும் டி.சி.யும் குடுத்தீங்களா? குடுத்திருந்தா பணத்த விடுங்க, நாளைக்கே நாலு பேரோட போய் அத வாங்கிட்டு வந்துடுங்க. அது அந்த ஏஜென்ட்கிட்ட இருந்தா கவுன்சிலிங் அன்னிக்கு நீங்க வெறுங்கையோடதான் நிக்கணும்.